கரிசலாங்கண்ணி எண்ணெய் உண்மையிலேயே முடியை வளர்க்குமா?

திருகோணமலையில் எங்கள் அம்மம்மா கரிசலாங்கண்ணிச் சாற்றைத் தேங்காய் எண்ணெயில் சடசடப்பு அடங்கும்வரை காய்ச்சுவார். அந்தக் கரும்பச்சை எண்ணெயால் என் தலையணை உறைகள்தாம் முதலில் பாழாகின.

வெளியே தெரியும் முடி உயிரற்றது. எண்ணெய் அது உடைவதைக் குறைக்கும், பளபளப்பாக்கும். வளர்ச்சி நடப்பதோ தோலுக்குள், முடி முளைக்கும் சிறு பையான மயிர்ப்புடைப்பின் அடியில். அங்குள்ள சிம்பி எனும் சிறு முகிழின் கலங்கள் சமிக்ஞை அனுப்பினால்தான் சுற்றியுள்ள கலங்கள் பிரிந்து பெருகி, இறுகி, முடியாக மேலெழும். சமிக்ஞை தணிந்தால் புடைப்பு சில மாதம் உறங்கும்.

உறங்கும் புடைப்பைக் கரிசலாங்கண்ணிச் சாறு எழுப்பியதை எலிகளில் கண்டிருக்கிறார்கள். மனிதரில், 2015இல் வேறொரு மூலிகையான ரோஸ்மேரியின் எண்ணெயை, முடி உதிர்வுக்குப் பூசும் மருந்தான 2 சதவீத மினாக்சிடிலுடன் 6 மாதம் ஒப்பிட்டபோது பலன் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது; ஆனால் பங்கேற்றோர் 100 பேர்தான். புடைப்பே அழிந்த இடத்தில் எந்த எண்ணெயும் எடுபடாது. திட்டுத்திட்டாகக் கொட்டினால் எண்ணெயை வைத்துவிட்டுத் தோல் மருத்துவரிடம் போங்கள்.