ஜிமிக்கிப் பூவும் கொஞ்சம் மஞ்சளும்

அன்புள்ள அம்மா,

சென்ற மாதம் இங்கே மொரீஷியஸில், ரோஸ் ஹில் ஊரில், எங்கள் கோவில் மண்டபத்தில் பூ ஓவிய வகுப்பு ஒன்று நடந்தது. தூரிகையே பிடித்தறியாதவர்களுக்கானது. ஆளுக்கு 600 ரூபாய். செலவு போக மிச்சம் புற்றுநோயாளிகளுக்கு உதவும் ஓர் அமைப்புக்கு. 22 பேர் வந்தோம். நம் தேசியப் பூவை வரையச் சொன்னார்கள். நான் வரைந்ததைக் கணவர் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "இது என்ன, இறாலா?" என்று கேட்டார். சின்னம்மா கேட்டது வேறு: "தாளுக்கும் சாயத்துக்கும் கொட்டியதை நேரே கொடுத்திருக்கலாமே? மருத்துவமனையில்தான் எல்லாம் இலவசமாயிற்றே, பிறகு எதற்கு வசூல்?" எனக்குப் பதில் தெரியவில்லை.

இன்னொன்று. பக்கத்து நாற்காலியில் தலையில் துணி கட்டிய ஓர் அக்கா இருந்தார். நடுவில், "எனக்கு மருந்து ஏற்றி முடிந்து நான்கு மாதம் ஆகிறது" என்றார். வாயடைத்துப்போன நான், "அக்கா, அந்த மஞ்சளைக் கொஞ்சம் இப்படித் தள்ளுங்கள்" என்றேன். நினைத்தால் இன்னும் கூசுகிறது.

படங்களை விற்கப் போகிறார்களாம். என்னுடையதைக் கொடுக்கவா?

ஒரு வாசகி

அன்புள்ள மகளுக்கு,

சின்னம்மாவின் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். 22 பேர், 600 ரூபாய்: 13,200. தாள், சாயம், தேநீர் எல்லாம் போக எவ்வளவு நின்றது என்று நடத்தியவர்களிடம் கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை. பாதிக்கு மேல் தாளுக்கே போயிருந்தால் நான் சின்னம்மா கட்சி. ஆனால் வகுப்பு நடக்காதிருந்தால் அந்த 600 ரூபாயை நீங்கள் கொடுத்திருப்பீர்களா? நான் கொடுத்திருக்க மாட்டேன். உண்டியலைக் கண்டால் என் விரல் தானாகவே சின்ன நோட்டைத் தேடும்.

மொரீஷியஸ் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சைக்குக் காசு வாங்குவதில்லை. அது பெரிய விஷயம்தான். ஆனால் மார்பகப் புற்றுக்குக் கதிர்ச் சிகிச்சை என்றால் பெரும்பாலும் வாரத்துக்கு 5 நாள், மூன்று முதல் ஐந்து வாரம் போய்வர வேண்டும். பஸ்ஸில் முதியோருக்கும் மாணவருக்கும் 2005 முதல் கட்டணமில்லை. நாற்பத்தைந்து வயதுப் பெண் இரண்டிலும் சேரமாட்டாள். திரும்பும்போது நிற்கத் தெம்பில்லாமல் டாக்ஸி பிடிப்பாள். வேலைக்குப் போகாத நாளின் கூலி, முடி கொட்டிய தலைக்கு விக், அறுவைக்குப் பிறகு உள்ளாடைக்குள் வைக்கும் செயற்கை மார்பகம் என்று பட்டியல் நீளும். சின்னம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்.

இறால் விவகாரத்துக்கு வருகிறேன். ட்ரோகெட்டியா பூட்டோனியானா என்ற அந்தப் பூவை முதல் நாளிலேயே வரையக் கொடுத்தவர் இரக்கமற்றவர். லெ மோர்ன் மலையின் செடி அது. 1992இல் நாடு குடியரசானபோது தேசியப் பூவானது. பிரெஞ்சில் அதற்குக் காதணி என்று பெயர். நமக்கு அதைவிடப் பொருத்தமாக ஜிமிக்கி என்ற சொல் இருக்கிறது. செம்பருத்திக் குடும்பம்தான், ஆனால் செம்பருத்தி நம்மைப் பார்த்து விரியும், இது தரையைப் பார்த்துத் தொங்கும். கையோ செம்பருத்திக்குப் பழகியது, தானாகவே நிமிர்த்தி வரைந்துவிடும். இறால் பிறந்தது அங்கேதான். அடுத்த முறை காம்பிலிருந்து தொடங்குங்கள். கீழே குனிந்து மணி போன்ற பூவுக்குள் பார்த்தால் தேன் சிவப்பாகத் தேங்கியிருக்கும். உலகில் பூந்தேன் பெரும்பாலும் நிறமற்றது. நம் தீவின் சில செடிகளில் இப்படி நிறத்தோடு இருக்கும். நிறமுள்ள தேனையே நம் பச்சைப் பல்லிகள் விரும்பி நக்குவதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள்.

நீர்ச்சாயத்தில் வெள்ளை வேண்டிய இடத்தில் தாளை அப்படியே விட்டுவிட வேண்டும். யாருக்குத்தான் கை நிற்கிறது? காய்வதற்குள் மறுபடி தொடுவோம். சிவப்பும் பச்சையும் கலந்து சேறாகும். இதே போன்ற ஒரு வகுப்பில் நான் வரைந்த, நடுவே தண்டு நீட்டி நிற்கும் ஆந்தூரியப் பூவைப் பார்த்த பேத்தி, "பாட்டி, யார் நாக்கை நீட்டுகிறார்கள்?" என்றாள்.

இனி மஞ்சள். என் அம்மாவுக்கு இந்த நோய் வந்தபோது எங்கள் வீட்டில் யாரும் அதன் பெயரைச் சொல்லவில்லை. "உள்ளே ஒரு கட்டி" என்றோம். பிறகு "அந்தக் கட்டி". கடைசியில் "அது". பாம்புப் புற்றுக்குப் பால் ஊற்றிக் கும்பிட்ட வம்சம். இந்தப் புற்றை மட்டும் வாயில் வைக்க மாட்டோம். பார்க்க வந்தவர்கள் பழப்பையை மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்து அம்மாவின் முகத்தையே பார்த்தார்கள். அவர்கள் போனதும் அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். தன் உடம்பைப் பற்றி அவர் யாரிடமும் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அத்தனை கண்கள் எதிரே இருக்கும்போது எப்படிப் பேசுவார்?

உங்கள் மண்டபத்தில் 22 பேரும் தாளைப் பார்த்துக் குனிந்திருந்தீர்கள். கைக்கு வேலை இருந்தது. பக்கத்தில் இருப்பவர் தன்னைப் பார்க்கமாட்டார் என்ற தைரியத்தில் அந்த அக்கா நான்கே மாதத்துக்கு முந்தைய விஷயத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு மறுபடி இலைக்குப் போனார். நீங்கள் தூரிகையைக் கீழே போட்டு, "ஐயோ அக்கா!" என்று கையைப் பிடித்திருந்தால் அவர் மறுபடி நோயாளியாகியிருப்பார். நீங்கள் மஞ்சள் கேட்டீர்கள். தள்ளிக் கொடுத்தாரா என்று எழுதவில்லையே? கொடுத்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

கூச்சம் போகவில்லை என்றால் அடுத்த வகுப்பில் அவர் பக்கத்திலேயே உட்காருங்கள். இப்போது எப்படி இருக்கிறது என்று கேளுங்கள், தாளைப் பார்த்தபடியே.

படத்தை விற்பனைக்குக் கொடுங்கள். யாரும் வாங்காவிட்டால் 200 ரூபாய்க்கு நான் எடுத்துக்கொள்கிறேன். எது மேல், எது கீழ் என்று மட்டும் பின்பக்கம் எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
அம்மா