கிளப் அணியில் சேர சொந்தக் குதிரை வேண்டுமா?

கேள்வி: எங்கள் ஊர் காங்கயம் அருகே. மகளுக்கு 13 வயது. ஓர் ஆண்டுக்கு மேலாகச் சனி, ஞாயிறுகளில் கோவைக்கு அழைத்துச் சென்று குதிரையேற்றம் கற்றுத் தருகிறோம். 90 செ.மீ. தடையை நன்றாகவே தாண்டுகிறாள். அவள் பயிலும் கிளப்பின் அணி இந்தப் பருவத்தில் பெங்களூருப் போட்டிக்குப் போகிறது; அதில் அவள் பெயர் இல்லை. சொந்தக் குதிரை இருந்தால் இடம் கிடைத்துவிடும் என்று மற்றப் பெற்றோர் சொல்கிறார்கள். ஆடியில் அந்தியூர்ச் சந்தையில் ஒன்று வாங்கித் தோட்டத்திலேயே கட்டிக்கொள்ளலாம் என்கிறார் அவளுடைய அப்பா. கோ-4 புல்லும் ஏராளமாக நிற்கிறது. வாங்கலாமா? அணியில் சேர வேறு வழி உண்டா?
— ஒரு வாசகி

பதில்: வாங்க வேண்டாம். இந்த ஆண்டும் வேண்டாம், அடுத்த ஆண்டும் வேண்டாம். வேறு வழி இருக்கிறது. அதற்குச் செலவும் குறைவு, மகளுக்கும் நல்லது.

முதலில் பயிற்றுநர் எப்படி அணியைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். கபடியிலோ கைப்பந்திலோ ஆட்டக்காரரைப் பார்த்து எடுப்பார்கள். இங்கே எடுப்பது ஒரு ஜோடியை: இன்ன பிள்ளை, இன்ன குதிரை மேல். போட்டி முடிவுப் பட்டியலைப் பார்த்தாலே தெரியும், வீரர் பெயரை ஒட்டிக் குதிரையின் பெயரும் இருக்கும். 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் டிரஸ்ஸாஜ் (குதிரையை ஒழுங்கான அசைவுகளில் நடத்திக் காட்டும் பிரிவு) அணிப் போட்டியில் இந்தியா தங்கம் வென்றது. குதிரையேற்றத்தில் 1982-க்குப் பிறகு 41 ஆண்டு கழித்துக் கிடைத்த தங்கம் அது. நால்வர் இறங்கினார்கள், மேலான மூன்று மதிப்பெண்கள் கணக்கில் சேர்ந்தன. அனுஷ் அகர்வாலா எட்ரோ மீதும், ஹ்ருதய் சேடா எமரால்டு மீதும், திவ்யகிருதி சிங் ஃபிர்ஃபோட் மீதும் ஏறியிருந்தார்கள். மூவரின் கூட்டு 209.205. அவர்களை அன்று காலை குதிரை மாற்றி ஏறச் சொல்லியிருந்தால் இந்தக் கணக்கு வந்திருக்காது. பெங்களூருக்காரர் ஃபவாத் மிர்சா 2018 ஜகார்த்தாவில் வெள்ளி வென்றதும், டோக்கியோ ஒலிம்பிக்கில் 23-ஆம் இடம் பிடித்ததும் ஒரே குதிரையின் மேல்தான். அதன் பெயர் சென்யர் மெடிகாட்.

உங்கள் மகள் வாரம் இரண்டு நாள் வருகிறாள். அன்றன்று எந்தக் குதிரை ஓய்வாக இருக்கிறதோ அது அவளுக்குக் கிடைக்கிறது. கற்பதற்கு அது நல்ல ஏற்பாடு. பல குதிரைகளில் ஏறிய கால்தான் தேர்ந்த கால். அணிக்கு மட்டும் அது போதாது. எந்தக் குதிரையோடும் அவள் இன்னும் ஜோடி சேரவில்லை. அவள் பெயர் விடுபட்டதற்கு இதுவே பெரிய காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

இன்னொரு காரணம் லாரி. கோவையிலிருந்து பெங்களூருக்குச் சுமார் 360 கி.மீ. கிளப்பில் இருபது குதிரைகள் இருந்தாலும் லாரியில் ஏறுவது சிலதான். நொண்டல் உள்ளது, லாரிக்கு மிரள்வது, வயதானது எல்லாம் கழியும். ஏறும் குதிரையும் ஒரு நாளில் இத்தனை முறைதான் களத்தில் இறங்கலாம் என்று வரம்பு உண்டு. மிச்சமிருக்கும் இடங்களுக்குத்தான் பிள்ளைகள் போட்டியிடுகிறார்கள்.

ஆகவே பயிற்றுநரிடம் "என் மகளை ஏன் சேர்க்கவில்லை?" என்று கேட்காதீர்கள். "அடுத்த பருவத்துக்கு இவளை எந்தக் குதிரையோடு சேர்த்துப் பார்க்கிறீர்கள்?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்குச் சமாதானம் சொல்லித்தான் அனுப்புவார்கள். இரண்டாவதற்கு ஒரு குதிரையின் பெயரைச் சொல்லியாக வேண்டும். சொன்னால், அந்தக் குதிரையின் முதுகில் வாரம் நான்கு நாளாவது இருக்க என்ன வழி என்று அடுத்துப் பேசலாம். பள்ளி நாட்களில் காங்கயத்திலிருந்து கோவை போய்வருவது நடக்காது என்று தெரியும். அரையாண்டு விடுமுறையையும் கோடை விடுமுறையையும் மொத்தமாக அதற்குக் கொடுங்கள். மற்ற நாட்களில் கிடைக்கும் இரண்டு நாளும் அதே குதிரையில் போகட்டும். பெயரே சொல்ல முடியவில்லை என்றால், அந்த கிளப்பில் அவளுக்கேற்ற குதிரை இல்லை என்று பொருள். அதையும் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

பெற்றோர் கவனிக்காத, பயிற்றுநர் தவறாமல் கவனிக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் ஊர்க் கிளப்புகளில் குதிரைப் பராமரிப்பாளர் சேணம் கட்டி நிறுத்திவைப்பார். பிள்ளை வந்து ஏறும், இறங்கியதும் கடிவாளத்தைக் கையில் கொடுத்துவிட்டுக் காருக்குப் போய்விடும். இந்தப் பழக்கம் எனக்கு மனவேதனை தருகிறது. குளம்பைத் தூக்கிக் கல் எடுக்கத் தெரியாத பிள்ளைக்குத் தன் குதிரை இன்று ஏன் வலக்காலைத் தயங்கி வைக்கிறது என்பது தெரியாது. போட்டிக்குப் போன இடத்தில் பராமரிப்பாளர் ஒருவர்; குதிரைகளோ நான்கைந்து. விடியற்காலையில் தீனி, தண்ணீர், சாணம் அள்ளுதல், தேய்ப்பு, மாலையில் கால் தசைநாணைத் தடவிச் சூடு பார்த்தல் எல்லாவற்றுக்கும் கை வேண்டும். அந்தக் கை யாரிடம் இருக்கிறதோ அந்தப் பிள்ளையைத்தான் நான் அழைத்துப் போவேன். மற்றப் பயிற்றுநர்களும் அப்படித்தான். இந்த வாரத்திலிருந்து ஒரு மணி நேரம் முன்பாகப் போய், ஒரு மணி நேரம் பின்பாகத் திரும்பச் சொல்லுங்கள். பராமரிப்பாளரை அவள் அண்ணா என்று அழைத்து, அவரிடமே லாய வேலையைக் கற்கட்டும். குதிரையின் உடம்பை அவரளவுக்கு அறிந்தவர் அங்கே வேறு யாரும் இல்லை.

90 செ.மீ. பற்றி. வார இறுதிச் சவாரியில் ஓர் ஆண்டில் அந்த உயரம் என்றால், தாண்டுவது பெரும்பாலும் குதிரையின் அனுபவம். கிளப்புகளில் பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற தரோபிரெட் குதிரைகளே அதிகம். அவற்றில் நன்கு பழகியது தடையைப் பார்த்தால் தானே அடி எண்ணிக்கொள்ளும். மகளின் பங்கு எவ்வளவு என்று அறிய எளிய சோதனை உண்டு. அங்கவடி (கால் வைக்கும் வளையம்) இல்லாமல் இருபுறமும் கேன்டர் (மிதமான தாவல் ஓட்டம்) வட்டம் போடட்டும். தரையில் கிடக்கும் இரண்டு கழிகளுக்கிடையே ஒருமுறை ஐந்து தாவலிலும், மறுமுறை ஆறு தாவலிலும் அதே குதிரையைக் கொண்டுபோகட்டும். இது வந்துவிட்டால் உயரம் தானாக வரும். வராதபோது உயரத்தை ஏற்றுவது ஆபத்து. தடை தாண்டும் போட்டியான ஷோ ஜம்பிங்கில் ஒரு கம்பி விழுந்தால் 4 தவறுப்புள்ளி. குதிரை முதல் முறை மறுத்தால் 4. இரண்டாம் முறை மறுத்தாலோ, பிள்ளை விழுந்தாலோ போட்டியை விட்டே வெளியே. முதல் போட்டியில் 60 அல்லது 70 செ.மீ. பிரிவில் சுத்தமாகச் சுற்றி வந்தால் போதும்.

அதைவிட எனக்குப் பிடித்த வழி, முதல் ஆண்டில் தொடக்கநிலை டிரஸ்ஸாஜில் இறங்குவது. 20க்கு 40 மீட்டர் களம். நடை, டிராட் (துள்ளோட்டம்), கேன்டர், வட்டங்கள். ஒவ்வோர் அசைவுக்கும் பூஜ்யத்திலிருந்து 10 வரை மதிப்பெண். முடிந்ததும் நடுவரின் குறிப்புகளோடு மதிப்பெண் தாள் கையில் கிடைக்கும். "வட்டம் சிறுத்தது", "வலக்கை இறுக்கம்" என்று அதில் இருப்பதைவிடச் சிறந்த பாடம் காசு கொடுத்தாலும் கிடைக்காது. டிரஸ்ஸாஜ் சலிப்பு என்று பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள், வற்புறுத்துங்கள்.

குதிரைக்கான செலவு என்று நீங்கள் ஒதுக்கியிருந்தால் அதைப் பாதி லீஸுக்குப் பயன்படுத்துங்கள். கிளப் குதிரை ஒன்றின் வாரப் பாதியை மாதக் கட்டணத்துக்கு எடுப்பது இது. ஒப்பந்தத்தை வாய்வார்த்தையாக விடாதீர்கள். எந்தெந்த நாள், லாடச் செலவும் மருத்துவச் செலவும் யாருடையவை, குதிரை நொண்டினால் கட்டணம் நிற்குமா, மற்ற நாட்களில் வேறு பிள்ளைகள் அதை எவ்வளவு உயரம் தாண்ட வைக்கலாம், போட்டி வாரத்தில் யாருக்கு முன்னுரிமை என்பதையெல்லாம் எழுதி வாங்குங்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளை இரண்டு ஆண்டில் சில அங்குலம் வளர்ந்துவிடக்கூடும். இன்று பொருந்தும் குதிரை அன்று பொருந்தாது; லீஸ் என்றால் மாற்றிக்கொள்ளலாம். ஏறுபவர், சேணம் இரண்டும் சேர்ந்து குதிரை எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான வரம்பு.

அந்தியூருக்கு வருகிறேன். குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தை நம் கொங்கு நாட்டின் பெருமை. அங்கே கத்தியவாரி, மார்வாரி இனக் குதிரைகள் நிற்கும் அழகைப் பார்க்க மகளைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். வாங்குவது வேறு விஷயம். அங்கு வருபவற்றில் பல, ரேக்ளாவுக்கும் நாட்டியத்துக்கும் ஊர்வலத்துக்கும் பழக்கியவை. நாட்டியக் குதிரையைத் தலை தூக்கி, முதுகு தாழ்த்தி ஆடப் பழக்குகிறார்கள். பெரும்பாலும் வாயை வலிக்கச் செய்யும் கடினமான கடிவாளத்தோடு. டிரஸ்ஸாஜும் தாண்டலும் கேட்பது நேர்மாறு: கழுத்து நீண்டு, முதுகு உயர்ந்து, பின்னங்கால் உள்ளே வர வேண்டும். பழகிய உடம்பை மாற்றித் திரும்பப் பழக்குவது தேர்ந்த ஆளுக்கே ஆண்டுக்கணக்கான வேலை. உள்நாட்டு இனங்கள் தாழ்ந்தவை என்று யாரும் எண்ண வேண்டாம். நெடுந்தொலைவு ஓட்டத்திலும், ஓடும் குதிரையிலிருந்து தரைமுளையை ஈட்டியால் குத்தி எடுக்கும் டென்ட் பெக்கிங்கிலும் அவை அருமையாகச் செய்யும். உங்கள் மகள் போக நினைக்கும் களம் அதுவல்ல.

சந்தைக் குதிரை எதுவானாலும் ஒரு பரிசோதனையை விடவே கூடாது. கிளாண்டர்ஸ் நோய் குதிரையிலிருந்து மனிதருக்கும் தொற்றும், உயிரையும் எடுக்கும். சட்டப்படி உடனே தெரிவிக்க வேண்டிய நோய் அது; உறுதியானால் குதிரையைக் கொல்ல வேண்டியிருக்கும். இரத்த மாதிரியை எடுத்து, ஹரியானாவின் ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் போன்ற அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். முடிவு வரும்வரை மற்றக் குதிரைகளிடமிருந்து விலக்கிக் கட்ட வேண்டும். எங்கே, எப்படி என்று நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் கேட்டால் வழிகாட்டுவார்கள்.

தோட்டத்தில் கட்டும் யோசனையில்தான் எனக்கு அதிகக் கவலை. குதிரை கூட்டத்தில் வாழும் பிராணி. தனியே கட்டினால் மரத்தைக் கடிக்கும், காற்றை விழுங்கும், நின்ற இடத்திலேயே ஆடிக்கொண்டிருக்கும். முள்கம்பி வேலி இருந்தால் ஒரு மிரட்சியில் காலைக் கிழித்துக்கொள்ளும். அடுத்தது, நீங்கள் நம்பியிருக்கும் கோ-4 புல். மாட்டுக்கு அது அருமையான தீவனம். இந்தக் கம்பு நேப்பியர் வகைகளில் ஆக்சலேட் என்ற உப்பு உண்டு; மாட்டின் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துவிடும், குதிரைக்கு அந்த வசதி இல்லை. புல்லில் உள்ள சுண்ணாம்புச் சத்தை ஆக்சலேட் பிணைத்துக்கொள்ள, குதிரை தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை எடுத்துச் செலவிடும். சில மாதங்களில் முக எலும்பு புடைக்கும், இன்று ஒரு கால் நாளை ஒரு கால் என்று நொண்டும். மேய்ச்சல் நிலமான கொரங்காட்டில் வளரும் கொழுக்கட்டைப் புல்லிலும் ஆக்சலேட் இருக்கிறது. கூடவே தவிட்டை அள்ளிப் போட்டால் அதிலுள்ள பாஸ்பரஸ் நிலைமையை இன்னும் கெடுக்கும். பின்னாளில் வீட்டில் குதிரை வளர்க்கும் எண்ணம் இருந்தால் கோ-4 ஐக் குறைத்து, குதிரைமசாலும் நல்ல உலர்புல்லும் கலந்து கொடுக்கத் திட்டமிடுங்கள். 450 கிலோ குதிரைக்கு நாளொன்றுக்கு உலர் எடையில் சுமார் 9 கிலோ தீவனம், 25 முதல் 45 லிட்டர் தண்ணீர். நம் சித்திரை வெயிலில் தண்ணீர் அதற்கும் மேல். ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை லாடக்காரர் வர வேண்டும். மாட்டுக்கு லாடம் கட்டுபவரைக் கொண்டு சமாளிக்காதீர்கள்; குளம்பின் கோணம் தவறினால் கால் தசைநாண் போய்விடும்.

அணியோடு போகும் காலம் வந்தால் சில ஏற்பாடுகள். பயணத்தில் குதிரையின் தலையை உயர்த்திக் கட்டியே கொண்டுபோனால் சளி இறங்க வழியில்லாமல் நுரையீரல் காய்ச்சல் வரும்; நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தித் தலையைத் தாழ்த்தித் தண்ணீர் காட்டுகிறார்களா என்று கேளுங்கள். குதிரையேற்றப் போட்டிகள் பெரும்பாலும் குளிர் மாதங்களில் வருவதால் அரையாண்டுத் தேர்வோடு மோதும். பள்ளியிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். தேசிய அளவில் போக இந்தியக் குதிரையேற்ற சம்மேளனத்தில் மகளின் பெயரும் குதிரையும் தனித்தனியே பதிவாகியிருக்க வேண்டும். பன்னாட்டு விதிப்படி 12 முதல் 14 வயது சிறுவர் பிரிவு. வயதைப் பிறந்த தேதியால் எண்ணாமல் பிறந்த ஆண்டைக் கொண்டு எண்ணுவார்கள். உள்நாட்டுப் போட்டிகளில் பிரிவுகள் வேறுபடும் என்பதால் அழைப்பிதழில் உள்ள வயது வரம்பைப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

ஆடிக் காற்றுக்குப் பயந்து வகுப்பை நிறுத்தாதீர்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் அந்தக் காற்றில் கொடித்துணியும் தாளும் பறக்கும்போது அமைதியாக நடக்கக் கற்ற குதிரையும் பிள்ளையும் போட்டிக் களத்தின் ஒலிபெருக்கிக்கு மிரள மாட்டார்கள். சித்திரை, வைகாசியில் காலை எட்டு மணிக்குள் சவாரி முடிந்துவிட வேண்டும்.

லாயத்தில் புழங்கும் பிள்ளைக்கு டெட்டனஸ் ஊசி காலாவதியாகாமல் இருக்க வேண்டும். பைக் ஹெல்மெட்டோடு குதிரை ஏற விடாதீர்கள்; குதிரையேற்றத்துக்கென்றே செய்த, இ.என். 1384, பி.ஏ.எஸ். 015 அல்லது ஏ.எஸ்.டி.எம். எஃப் 1163 என்ற தரக்குறி உள்ளதை வாங்குங்கள். காலணிக்குக் குதிகால் மேடு இருக்க வேண்டும். இல்லையேல் கால் அங்கவடிக்குள் வழுக்கிச் சிக்கிக்கொள்ளும். ஒருமுறை விழுந்து தலை மோதிய ஹெல்மெட்டை, வெளியே கீறல் தெரியாவிட்டாலும், அன்றே மாற்றிவிடுங்கள்.