அவசரப் பிரிவில் பின்னால் வந்தவரை ஏன் முதலில் பார்க்கிறார்கள்?

இதற்கு 'ட்ரையாஜ்' என்று பெயர். பிரித்தெடுப்பதைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. யார் முதலில் வந்தார் என்பதல்ல, யாருக்கு உயிராபத்து அதிகம் என்பதே இங்கே வரிசை. மூச்சு தடைபட்டால் சில நிமிடங்களில் மூளை பாதிக்கப்படும். முறிந்த மணிக்கட்டு, எவ்வளவு வலித்தாலும், கொஞ்சம் தாங்கும். அதனால் வாசலிலேயே மூச்சு, நாடி, ரத்த அழுத்தம், நினைவு எல்லாம் பார்த்துவிடுவார்கள். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் ஆபத்தின் அளவுக்கேற்ப நோயாளிகளைச் சிவப்பு (உடனே பார்க்க வேண்டியவர்), மஞ்சள், பச்சை (காத்திருக்கக்கூடியவர்) என்று பிரிப்பார்கள்.

உலையை முதலில் வைத்தோம் என்பதற்காகப் பொங்கும் பாலை விட்டுவிடுவோமா? அதே கணக்குதான்.

நிறம் நிலையானதல்ல. காத்திருக்கும்போது மூச்சு வாங்கினாலோ தலை சுற்றினாலோ உடனே நர்ஸிடம் சொல்லுங்கள் (பலர் கூச்சப்பட்டுச் சொல்வதில்லை).

அதிகம் கத்துபவருக்குத்தான் ஆபத்து அதிகம் என்று நினைக்கிறோம். கத்துவதற்கு அவருக்கு மூச்சாவது இருக்கிறது, சத்தமே இல்லாமல் வியர்த்துப்போய் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தால்தான் டாக்டருக்குப் பதற்றம்.