என்ஜின் மாற்றிய பின் ஏசி குளிரவில்லை

கேள்வி: என் காரின் பழுதான என்ஜினுக்குப் பதிலாக வேறு மாடல் காரின் என்ஜினைப் பொருத்தினோம். வண்டி நன்றாக ஓடுகிறது. ஆனால் ஏசியைப் போட்டால் கம்ப்ரஸர் கிளட்ச் (என்ஜின் ஓட்டத்தைக் கம்ப்ரஸரோடு இணைக்கும் காந்தப் பகுதி) ஒட்டுவதே இல்லை. கேஸ் நிரப்பினால் போதுமா?

பதில்: அவசரப்பட்டு கேஸ் நிரப்பாதீர்கள். என்ஜின் நின்றிருக்கும்போது அழுத்தம் காட்டும் கேஜ் வைத்துப் பாருங்கள். ஆர்134ஏ கேஸ் என்றால், 30 டிகிரி வெப்பத்தில் உயர் அழுத்தம், தாழ் அழுத்தம் என இரு பக்கமும் ஏறத்தாழ 97 பிஎஸ்ஐ காட்ட வேண்டும். மிகக் குறைவாக இருந்தால் பிரஷர் சுவிட்ச் கிளட்சைத் தடுத்துவிடும். அது நல்லதும்கூட, ஏனெனில் கேஸோடு சேர்ந்து சுற்றும் எண்ணெய்தான் கம்ப்ரஸரைக் காக்கிறது.

அழுத்தம் சரியாக இருந்தால், என்ஜின் ஓட, ஏசி போட்ட நிலையில் கிளட்ச் இணைப்பில் 12 வோல்ட் வருகிறதா என்று சோதியுங்கள். வந்தும் ஒட்டாவிட்டால் கிளட்சின் காயிலோ எர்த் இணைப்போ பழுதாகியிருக்கலாம். வராவிட்டால் ஃபியூஸ், ரிலே இரண்டையும் பார்த்துவிட்டு வயரிங்கைத் தேடுங்கள்: என்ஜின் மாற்றும்போது ஏசி சுவிட்சிலிருந்தும் பிரஷர் சுவிட்சிலிருந்தும் புதிய ஈசியுவுக்கு (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) போக வேண்டிய வயர்கள் இணைக்கப்படாமல் விடுபடுவதுண்டு என்பதால், என் சந்தேகம் முதலில் அங்கேதான் போகிறது.

குழாய்கள் நெடுநேரம் திறந்து கிடந்திருந்தால் ஈரத்தை உறிஞ்சும் ரிசீவர் டிரையரை மாற்றி, வேக்கம் செய்த (உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து வெளியேற்றிய) பிறகே கேஸ் ஏற்றுங்கள்.