ஒரே நடையில் தூக்க முடிந்ததை மட்டும் கட்டுங்கள்

கேள்வி: லண்டன் ஹேரோவில் வசிக்கும் நான்கு தோழிகள் நாங்கள். 2027 கிளாஸ்டன்பரி இசை விழாவுக்குப் போக நினைக்கிறோம். யாரிடமும் கார் இல்லை, ரயிலில்தான் வருவோம். எட்டுப் பேர் படுக்கும் கூடாரம், நிழலுக்கு ஒரு கசீபோ பந்தல், காற்றடிக்கும் மெத்தைகள், ஸ்டவ், சமையல் சாமான் எல்லாம் கைவசம் இருக்கின்றன. புதன்கிழமை வந்து இறங்கியதும் இவ்வளவையும் உள்ளே கொண்டுபோவது எப்படி? பாதியை வாயிலுக்கு வெளியே ஒருத்தியின் காவலில் வைத்துவிட்டு இரண்டு நடையாகக் கொண்டுபோகலாமா? 120 பவுண்ட் கொடுத்தால் முதல் நாள் இரவே உள்ளே போய், இடம் பிடித்து, கூடாரமும் அடித்து வைப்பதாக ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அந்த 120 பவுண்டைக் கொடுக்காதீர்கள். ஒரு பவுண்ட்கூட முன்பணமாகக் கொடுக்காதீர்கள்.

கிளாஸ்டன்பரியின் பொது முகாம்களில் இட ஒதுக்கீடு என்ற ஒன்றே கிடையாது. வாயில்கள் புதன்கிழமை காலை 8 மணிக்குத் திறக்கும். முதலில் வருகிறவர் முதலில் கூடாரம் அடிப்பார், அவ்வளவுதான். அதற்கு முன்பே உள்ளே இருப்பவர்கள் பணியாளர்களும் கடைக்காரர்களும். அவர்களுக்கு அனுமதியும் தனி, தங்குமிடமும் தனி. ஆகவே செவ்வாய் இரவே உங்களுக்கு இடம் பிடித்துத் தருவதாகச் சொல்லும் ஆள், தனக்கு வேலை கொடுத்தவர்களை ஏமாற்றுகிறார், அல்லது அனுமதியே இல்லாமல் உங்களை ஏமாற்றுகிறார். இரண்டில் எதுவானாலும் பணம் போனால் நீங்கள் புகார் சொல்ல ஒரு கதவு கிடையாது. அடித்து வைத்த கூடாரம்தான் வேண்டும் என்றால் விழாவே நடத்தும் வொர்த்தி வியூ, ஸ்டிக்லின்ச் என்ற இரண்டு முகாம்கள் இருக்கின்றன. விழா டிக்கெட் வாங்கியவர்கள் தனிக் கட்டணம் கட்டி அவற்றில் பதிவு செய்யலாம்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2025-இல், விழாவுக்குச் சில வாரங்களே இருந்தபோது, சொகுசுக் கூடாரங்களை வாடகைக்கு விட்ட ஒரு நிறுவனம் இழுத்து மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான பவுண்ட் கட்டியவர்கள் தெருவில் நின்றார்கள். வாடிக்கையாளர்களுக்கான விழா டிக்கெட்டுகளையே அந்த நிறுவனம் வாங்கியிருக்கவில்லை என்பது பிறகுதான் தெரியவந்தது. பதிவு செய்த ஒரு நிறுவனத்தை நம்பியவர்களுக்கே இந்தக் கதி. முகநூலில் படம் மட்டும் போட்டிருக்கும் ஒருவரிடம் நீங்கள் என்ன எதிர்பார்க்க முடியும்? டிக்கெட்டும் அப்படித்தான். ஒவ்வொரு டிக்கெட்டிலும் வாங்கியவரின் புகைப்படம் இருக்கும், இன்னொருவருக்கு மாற்ற முடியாது. ‘பெயர் மாற்றித் தருகிறேன்’ என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே பேச்சை முடித்துவிடுங்கள்.

2025 விழாவுக்கான பொது விற்பனை சுமார் 35 நிமிடங்களில் முடிந்தது. டிக்கெட் ஒன்று 373 பவுண்ட் 50 பென்ஸ், பதிவுக் கட்டணம் தனி. கணினி முன்னால் காத்திருந்து வெறுங்கையோடு எழுந்தவர்கள் எத்தனையோ பேர். அந்த ஏமாற்றத்தின் மேல்தான் இந்தத் தரகர்கள் கடை விரிக்கிறார்கள். பெயரும் படமும் முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டுமே விற்பனை என்ற நல்ல ஏற்பாட்டைச் செய்த அமைப்பாளர்கள், முன்பதிவு செய்திருந்தால் மட்டும் டிக்கெட் கிடைத்துவிடாது என்பதை இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும். 2026-இல் விழா நடக்கும் பண்ணை நிலத்துக்கு ஓய்வு, விழா இல்லை என்பதால் 2027-க்கு நெருக்கடி கூடத்தான் செய்யும். நீங்கள் நால்வரும் இன்னும் முன்பதிவு செய்யவில்லை என்றால் சாமான் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு அதை முதலில் முடியுங்கள்.

இனி உங்கள் மூட்டைக்கு வருகிறேன்.

பாடிங்டனிலிருந்து ரயில் ஏறினால் காசில் கேரி நிலையத்தில் இறங்குவீர்கள். அங்கிருந்து விழா டிக்கெட் வைத்திருப்பவர்களுக்கு இலவச பஸ் உண்டு. இதுவரை சிரமம் எதுவும் இல்லை. பலர் பஸ்ஸை விட்டு இறங்கியதும் வந்து சேர்ந்துவிட்டதாக நினைத்துவிடுகிறார்கள். உண்மையான சுமை தூக்கல் அங்கேதான் தொடங்குகிறது. முதலில் வரிசை, அடுத்து டிக்கெட் சரிபார்ப்பு, அப்புறம் பை சோதனை. அது முடிந்த பிறகும் உங்கள் கூடாரம் நிற்கப்போகும் இடம் அரை மணி நேர நடையில் இருக்கலாம், மேட்டின் மேல் இருக்கலாம். சாமர்செட்டில் உள்ள வொர்த்தி பண்ணையைச் சுற்றி 900 ஏக்கருக்கு மேல் பரந்த இடம் அது. பணியாளர்களையும் சேர்த்து இரண்டு லட்சம் பேர் கூடுகிறார்கள். பென்னார்ட் ஹில் போன்ற பேர்போன முகாம்கள் முதல் நாளே நிரம்பிவிடும். நடுப்பகலில் வந்தால் கிடைத்த இடத்தில்தான் அடிக்க வேண்டியிருக்கும், அந்த இடம் எவ்வளவு தூரம் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

ஒரு தொண்டு நிறுவனத்தின் சார்பில் ஆறு விழாக்களில் வாயில் பணி பார்த்திருக்கிறேன். புதன்கிழமை பிற்பகல்களில் ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். இருவர் பெரிய கூடாரப் பையின் ஆளுக்கொரு முனையைப் பிடித்து வருவார்கள். நாற்பது அடிக்கு ஒருமுறை கீழே வைப்பார்கள். பையின் பிடி அறுந்திருக்கும், உள்ளங்கை சிவந்து கோடு விழுந்திருக்கும். கூட வந்தவர்கள் எங்கோ முன்னால் போயிருப்பார்கள், கைப்பேசி எடுபடாது.

ஆகவே அந்த எட்டுப் பேர் கூடாரம் வேண்டாம். அந்த அளவுக் கூடாரங்கள் சாதாரணமாக 15 முதல் 25 கிலோ வரை எடை இருக்கும், ஒருவர் தலையில் ஏறும் சுமை இல்லை. இருவர் படுக்கும் கூடாரங்கள் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று மூன்று நான்கு கிலோவுக்குள் அடங்கிவிடும், முதுகுப்பையின் அடியில் கட்டலாம். நெருக்கடியான முகாமில் இரண்டு சிறிய கூடாரங்களுக்கு இடம் கிடைக்கும். ஒரு பெரியதற்குக் கிடைக்காது. தேவைக்கு மேல் பெரிய கூடாரம் கொண்டுவராதீர்கள் என்று விழாக் குழுவும் கேட்டுக்கொள்கிறது. கசீபோவை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், அதற்கு அனுமதி இல்லை. காற்றடிக்கும் மெத்தையும் அதன் பம்பும் வேண்டவே வேண்டாம். சுருட்டிக் கட்டும் நுரைப் பாய் போதும்.

தள்ளுவண்டி வாங்கலாமா என்ற எண்ணம் உங்களுக்கு வரும். விழாக் காலத்துக்கென்று விற்கும் மலிவு வண்டிகளின் சின்னச் சக்கரங்கள் இரும்புத் தகடு பதித்த பாதையில் நன்றாக ஓடும். புல்லில் ஏறியதும் திணறும். சேற்றில் இறங்கினால் வண்டியையும் சேர்த்து நீங்கள்தான் தூக்க வேண்டும். காற்றடித்த பெரிய சக்கரம் உள்ள வண்டியை யாராவது இரவல் தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் முதுகுதான் நல்ல வண்டி. சக்கரம் வைத்த சூட்கேஸை மட்டும் தயவுசெய்து கொண்டுவராதீர்கள்.

இரண்டு நடை விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் தவறு நடக்கிறது. உள்ளே போனவர் வெளியே வந்து மறுபடி போகலாமா? போகலாம். வெளியே வரும்போதே வாயிலில் ‘பாஸ்-அவுட்’ என்ற சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். திரும்பும்போது முதலில் நுழைந்தபோது கையில் கட்டிவிட்ட பட்டை, அந்தச் சீட்டு, உங்கள் டிக்கெட் மூன்றும் இருக்க வேண்டும். பட்டைதான் கையிலேயே இருக்கிறதே என்று சீட்டு வாங்காமல் வெளியே வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். டிக்கெட்டைக் கூடாரத்துக்குள் பத்திரமாக வைத்துவிட்டு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். உள்ளே இருக்கும் தோழி அதைத் தேடி எடுத்து வர ஒரு மணி நேரம் ஆகும், அவளைக் கைப்பேசியில் பிடிக்க இன்னொரு மணி நேரம். டிக்கெட்டை விழா முடியும்வரை உடம்போடு வைத்திருங்கள்.

இந்த இடத்தில் இன்னொரு பொறி உண்டு. ‘வரிசையில் நிற்க வேண்டாம், டிக்கெட்டையும் சீட்டையும் என்னிடம் கொடுங்கள், சாமானை நான் கொண்டுவந்து சேர்க்கிறேன்’ என்று நட்பாகப் பேசி வருவார்கள். உங்கள் டிக்கெட்டும் சீட்டும் இன்னொருவரை உள்ளே கடத்தப் பயன்படும் சரக்கு. கொடுத்துவிடாதீர்கள், காட்டக்கூடக் காட்டாதீர்கள்.

சீட்டு வாங்கி முறையாக வந்தாலும் இரண்டாம் நடைக்கு மறுபடி அதே வரிசையில் நிற்க வேண்டும், அதே சோதனை மேசையில் பையைத் திறக்க வேண்டும். காவலுக்கு வெளியே நிற்கும் தோழி அத்தனை நேரமும் வெயிலிலோ மழையிலோ நிற்பாள். 2017 புதன்கிழமையை மறக்க முடியாது. அன்று ஹீத்ரோவில் 34.5 டிகிரி பதிவானது; 1976-க்குப் பிறகு பிரிட்டனில் ஜூன் மாதத்தின் மிக வெப்பமான நாள் அது. மான்செஸ்டர் குண்டுவெடிப்பு நடந்து ஒரு மாதமே ஆகியிருந்ததால் சோதனையும் கடுமையாக இருந்தது. குறைந்த சாமானோடு வாருங்கள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டார்கள். அதன்படி நடந்தவர்கள் தப்பித்தார்கள். ஆனால் இந்த மாதிரி அறிவிப்புகளைக் கண்டுபிடிக்க ஏன் இத்தனை பாடு என்று எனக்கு ஆண்டுதோறும் கோபம் வருகிறது. எதற்கு அனுமதி, எதற்கு இல்லை, எந்த வாயில், பஸ் எங்கே நிற்கும் என்பதெல்லாம் ஒரே தாளில் அடங்கும் செய்தி. அந்த ஒரு தாளை டிக்கெட்டோடு சேர்த்துத் தபாலில் அனுப்பினால் சோதனை மேசையில் பாதிக் கண்ணீர் மிச்சமாகும்.

கண்ணீர் என்பது வெறும் பேச்சில்லை. ஒரு தம்பதி வந்திருந்தார்கள், இருவருக்கும் முப்பது வயதுக்குள்தான் இருக்கும். பையின் நடுவில் துண்டில் சுற்றி ஒரு கண்ணாடிக் குப்பி, அதில் நார்த்தங்காய் ஊறுகாய், மூடியின் மேல் மாமியார் கையெழுத்தில் தேதி. கண்ணாடி எதுவாக இருந்தாலும் உள்ளே விட முடியாது. உடைந்த சில்லு மண்ணில் புதைந்தால் பிறகு அங்கே மேய வரும் மாட்டின் காலைக் கிழிக்கும். பக்கத்தில் நின்ற ஒருவர் தன் பிளாஸ்டிக் டப்பாவிலிருந்த பிஸ்கட்டை வெளியே எடுத்துவிட்டு டப்பாவை அவர்களிடம் நீட்டினார். அந்தப் பெண் விரலால் வழித்து வழித்து ஊறுகாயை மாற்றினாள், வரிசை முழுக்கப் புளிப்பு வாசனை. குப்பி தொட்டிக்குப் போனது, மூடியை மட்டும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள்.

உங்கள் சமையல் சாமானையும் இதே கண்ணால் பாருங்கள். கத்தி வேண்டாம், காய் நறுக்க வேண்டுமென்றால் வீட்டிலேயே நறுக்கிக்கொள்ளுங்கள். கண்ணாடியில் வரும் அத்தர், முகம் பார்க்கும் கண்ணாடி எதுவும் கூடாது. முகாம் ஸ்டவ் சிறியதாக ஒன்று போதும். மழை பெய்தாலும் அதைக் கூடாரத்துக்குள் பற்றவைக்காதீர்கள், மூடிய இடத்தில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுக் காற்று ஆளைத் தூக்கத்திலேயே கொன்றுவிடும். உள்ளே 400-க்கும் அதிகமான உணவுக் கடைகள் இருக்கின்றன. அரிசி, பருப்பு, குக்கர் என்று கிளம்பாதீர்கள். முதல் இரவுக்குக் கட்டிச்சோறாகப் புளியோதரை, அதன் பிறகு காலையில் தேநீர் போட ஒரு பாத்திரம் போதும். தண்ணீர்ப் புட்டி ஆளுக்கு ஒன்று அவசியம். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் புட்டிகளை 2019 முதல் அங்கே விற்பதில்லை, குழாயில் நிரப்பிக்கொள்ளலாம். ரப்பர் பூட்ஸை பைக்குள் திணிக்காமல் காலில் மாட்டிக்கொண்டே வாருங்கள்.

கூடார முளைகளை எண்ணி ஒரு பையில் போட்டு, எண்ணிக்கையைப் பையின் மேலேயே எழுதிவிடுங்கள். விழா நடக்கும் இடம் பால் பண்ணை. விழா முடிந்து மாடுகள் திரும்ப வந்து மேயும் புல்லில் ஒரு முளை கிடந்தாலும் குளம்பில் ஏறும், வயிற்றுக்குள்ளும் போகும். திங்கட்கிழமை பிடுங்கும்போது எண்ணிக்கை சரியாக வரும்வரை அந்த இடத்தை விட்டு நகராதீர்கள்.

புறப்படுவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை நால்வரும் முழு மூட்டையையும் முதுகில் ஏற்றிக்கொண்டு ஹேரோ மேட்டின் மேல் அரை மணி நேரம் நடந்து பாருங்கள். நடுவில் யாராவது பையைக் கீழே வைத்தால் அந்தப் பையை அங்கேயே திறந்து, முதலில் கைக்கு வருவது அவசியம்தானா என்று பார்த்து, இல்லையென்றால் வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.