சைக்கிள் கேள்வி – பதில்: செயினும் டிரெய்லரும்

கேள்வி: தினமும் மண்ணடிக்கு சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறேன். ஆறு மாதம் முன்பு போட்ட செயின் அதற்குள் துருப்பிடித்துவிட்டது. அழுத்தி மிதித்தால் வழுக்குகிறது. எண்ணெய் போடாமலும் இல்லை.
– வாசகர், காசிமேடு

பதில்: எண்ணெய் போடுவதற்கு முன் துடைத்தீர்களா? கடற்காற்றின் உப்பு இரும்பில் படிந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதன்மேலேயே எண்ணெய் விட்டால் உப்பும் மணலும் அதில் குழைந்து, உப்புத்தாள் போல் செயினின் கண்ணிகளை இணைக்கும் சிறு ஆணிகளை, அதாவது பின்களை, அராவிவிடும். பழைய என்ஜின் ஆயிலும் கிரீஸும் செயினுக்கு ஆகாது. தேங்காய் எண்ணெயும் நாளானால் பிசுக்கேறும்.

வாரம் ஒரு முறை ஈரத்துணியால் துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். மாதம் ஒரு முறை மண்ணெண்ணெயும் பழைய டூத் பிரஷும் கொண்டு கழுவிக் காயவிடுங்கள். பிறகு பின்னைச் சுற்றி உருளும் ரோலர் ஒவ்வொன்றுக்கும் ஒரு சொட்டு செயின் ஆயில் விட்டு, பெடலைப் பின்பக்கமாகச் சுற்றி, வெளியே நிற்பதை அழுந்தத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் உள்ளே இருந்தால் போதும். வெளியே பளபளப்பது மணலுக்கு விருந்து.

வழுக்கலுக்கு ஸ்கேலை எடுங்கள். ஒரு பின்னின் நடுவிலிருந்து, அடுத்த பின்னை ஒன்று என எண்ணி, 24-வது பின்னின் நடுவரை புதுச் செயினில் சரியாக 12 அங்குலம் இருக்கும். அதற்கு மேல் 1/16 அங்குலம் நீண்டிருந்தால் செயினை மாற்றுங்கள். 1/8 வந்துவிட்டால் பின்சக்கரத்துப் பல்சக்கரமான பிரீவீலின் பல்லும் தேய்ந்திருக்கும்; இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். தேய்ந்த பழைய பிரீவீலில் புதுச் செயின் ஏறி வழுக்கும். கடைக்காரர் செயினை மட்டும் மாற்றினாரா என்று கேளுங்கள், உங்கள் தொல்லை அநேகமாக அதுதான். மாட்டியபின் செயினின் நடுப்பகுதி மேலும் கீழுமாக அரை அங்குலம் ஆட வேண்டும்.

கேள்வி: மகள் திருவொற்றியூரிலிருந்து பழைய வண்ணாரப்பேட்டைக் கல்லூரிக்கு சைக்கிளில் போகிறேன் என்கிறாள். கன்டெய்னர் லாரிகளை நினைத்தால் பயமாக இருக்கிறது.
– வாசகி, திருவொற்றியூர்

பதில்: பயம் நியாயமானதுதான். எண்ணூர் விரைவுச்சாலை வேண்டாம். துறைமுகத்துக்கான டிரெய்லர்கள் வரிசை கட்டும் சாலை அது. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் நெரிசல் உண்டு, ஆனால் நெரிசலில் வண்டிகள் மெதுவாகத்தான் போகும்.

டிரெய்லருக்கும் நடைபாதைக்கும் நடுவே மட்டும் நுழையவே கூடாது. இடப்பக்கம் திரும்பும்போது முன்வண்டி அகலமாக வளையும். பின்சக்கரங்களோ உள்ளே வெட்டிக்கொண்டு வரும். ஓட்டுநரின் கண்ணாடியில் அந்த மூலை தெரியாது. சிக்னலில் லாரிக்குப் பின்னாலேயே நிற்கட்டும். சாலை ஓரத்தை ஒட்டாமல் மூன்றடி தள்ளி ஓட்டச் சொல்லுங்கள்: ஓரத்து மணலில் சக்கரம் சறுக்கும், நிற்கும் வண்டியின் கதவு திடீரென்று திறக்கும். இருட்டினால் பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம். மழையில் இரும்பு ரிம்மில் பிரேக் பாதிகூடப் பிடிக்காது. நிறுத்துவதற்கு முன்பே லேசாகப் பிடித்து ரிம்மின் தண்ணீரைத் துடைத்துக்கொள்ள வேண்டும். அலுமினிய ரிம் என்றால் எவ்வளவோ மேல்.

கேள்வி: கியர் சைக்கிள் வாங்கலாமா?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: வடசென்னையில் ஏற்றம் என்று இருப்பது மேம்பாலங்களும் சுரங்கப்பாதைகளும்தான். உப்புக்காற்றில் பராமரிக்க வேண்டிய பாகங்கள் கியரில் அதிகம். சாதா சைக்கிளில் 18 பல் பிரீவீலுக்குப் பதில் 20 பல் போட்டால் பாலம் ஏற இலேசாகும். மழைக்காலத்தில் சுரங்கப்பாதைத் தண்ணீரில் ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) முழுகினால், அந்த வாரமே பிரித்து கிரீஸ் மாற்றிவிடுங்கள். பின் ஹப்பில் பக்கத்துக்கு ஒன்பது வீதம் 1/4 அங்குல பால்ஸ் (இரும்புக் குண்டுகள்) இருக்கும். புள்ளி விழுந்திருந்தால் மொத்தமாக மாற்றுங்கள்.