கட்டுவிரியன் வீட்டுக்குள் ஏன் வருகிறது?

கேள்வி: வயலை ஒட்டிய வீடு. மழைக்காலத்தில் இரவில் கருப்பு உடம்பில் வெள்ளைக் கோடு போட்ட பாம்பு உள்ளே வருகிறது. குழந்தைகளோடு தரையில்தான் படுக்கிறோம். வாசலில் பூண்டு கரைத்துத் தெளித்தால் போதுமா?

பதில்: போதாது. பூண்டு, பினாயில், உப்பு எதற்கும் பாம்பு நிற்காது. அந்தக் காசுக்கு நல்ல கொசுவலை வாங்குங்கள்.

நீங்கள் சொல்வது கட்டுவிரியனாக இருக்கலாம். விஷமில்லாத வெள்ளிக்கோல் வரையனும் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும். வளர்ந்த கட்டுவிரியனுக்குக் கோடுகள் கழுத்தருகே மங்கி, வாலை நோக்கிப் போகப் போகத் தெளிவாகும். பெரும்பாலும் இரண்டிரண்டாக இருக்கும். வரையனுக்கு இது தலைகீழ். ஆனால் கட்டுவிரியன் குட்டிக்கு முன்பக்கமும் கோடு பளிச்சென்று தெரியும். அதனால் சந்தேகம் வந்தால் விரியன் என்றே வைத்துக்கொண்டு தள்ளி நில்லுங்கள்.

பகலில் இது எலி வளையிலோ செங்கல் குவியலிலோ முடங்கிக் கிடக்கும். தொந்தரவு செய்தால்கூடத் தலையை உடம்புச் சுருளுக்குள் மறைத்துக்கொள்ளும். சாதுவென்று நம்பிக் கையில் எடுத்துவிடாதீர்கள். இருட்டியதும் ஆளே மாறிவிடும். எலி, பல்லி, தவளை, மற்ற பாம்புகள் என்று இரை தேடி அலையும். உங்களைத் தேடி வருவதில்லை. தூக்கத்தில் புரளும்போது கை அதன் மேல் பட்டால் கடிக்கிறது.

ஆகவே எலியை ஒழியுங்கள், கதவின் அடி இடுக்கை அடையுங்கள். முடிந்தால் கட்டிலில் படுங்கள். எங்கே படுத்தாலும் கொசுவலையின் ஓரத்தைச் சுற்றிலும் பாய்க்கோ மெத்தைக்கோ அடியில் செருகிவிடுங்கள். சும்மா தொங்கும் வலையால் பயனில்லை.

இனி முக்கியமான விஷயம். இதன் பல் சிறியது. கடித்த தடம் தெரியாமலே போகலாம், வலியும் வீக்கமும் அநேகமாக இருக்காது. தரையில் படுத்தவர் விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்து, இமை தூக்க முடியாமல், எச்சில் விழுங்கத் திணறினால் அஜீரணம் என்று விட்டுவிடாதீர்கள். விஷம் நரம்பு முனைகளைத் தாக்கி, கடைசியில் மூச்சுத் தசைகளையும் முடக்கிவிடும். விஷமுறிவு மருந்தும் செயற்கைச் சுவாசக் கருவியும் உள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோங்கள். கயிறு கட்ட வேண்டாம், கீற வேண்டாம். குடிக்க எதுவும் தராதீர்கள், புரையேறிவிடும். வழியில் வாந்தி எடுத்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். அசைவே இல்லாமல் கிடந்தாலும் நம்பிக்கை இழக்காதீர்கள்; சேதமான நரம்பு முனைகள் சரியாகும் வரை, சில நாட்கள், கருவி மூச்சைத் தாங்கினால் முழுதாகத் தேறி எழுபவர்கள் உண்டு.